போகாத காட்டுக்குக் குருசாமி

ஜூன் 3, செவ்வாய்

வெயில். டிராவல்ஸ் ஆபீஸ் ஏசி மூன்றாம் நாளாக ரிப்பேர். கேஸ் புக் பண்ண வேண்டும். தோசை மாவு.

மேனாம்பேடு தனசேகர் சார் வந்தார். சொந்தத்தில் ஐந்து பேர், ஆகஸ்டில் ஆப்பிரிக்கா, ஜாம்பியா. யாரும் அதிகம் போகாத ஒரு தூரத்து வனவிலங்குப் பூங்காவில் நடந்தே மிருகம் பார்க்கும் சஃபாரி. சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். தொப்பியோடு நான், பின்னால் யானை. "நீதானாம்மா இது?" "ஆமா சார்."

முதலாளி கம்ப்யூட்டரில் ஒட்டிய முகம் அது. போகாதவள் சொன்னால் எவன் புக் பண்ணுவான் என்றார். ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, வாய் இப்போது தானாகவே சொல்கிறது.

கடகடவென ஒப்பித்தேன். சின்ன விமானம், துணிப்பைதான் எடுக்க வேண்டும். துப்பாக்கிக் காவலர் முன்னால், நாம் வரிசையாகப் பின்னால். யானை நம்மைப் பார்த்துவிட்டால் ஓடக்கூடாது. கறுப்பு, நீலம் உடுத்தினால் ஒரு ஈ தேடி வந்து கடிக்கும்.

"கறுப்பும் நீலமும் கூடாதா? மாலை போடற சாமி எங்கிட்ட வேற இன்னா துணி கீது?" என்று சிரித்தார்.

நான் சொன்னதெல்லாம் போய் வந்தவர்கள் சொன்னது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

தனசேகர் சார் போன். "சபரிமலைக்கே குருசாமி இல்லாம நாங்க கெளம்ப மாட்டோம். முன்னாடி போனவங்க ஒருத்தர் கூட இருக்கணும். அந்தக் காட்டுக்கு நீதான் குருசாமி. நீ வந்தாத்தான் அஞ்சு பேரும் வருவோம். உன் டிக்கெட் எங்களுது."

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "போயிட்டு வாங்க மேடம். வாயை மட்டும் திறக்காதீங்க."

சந்தோஷம்தான். என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. சபரிமலைக்கே போக முடியாத வயது எனக்கு, குருசாமியாம்.

ஜூன் 6, வெள்ளி

புழுக்கம். ஆவடி ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. வாங்க: தொப்பி, காக்கி பேன்ட், கேன்வாஸ் ஷூ.

ஷூ வாங்கியாச்சு. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தேன். வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கம்முனு போய்ட்டு வா. யாருக்குத் தெரியப்போவுது?"

ஜூன் 9, திங்கள்

ஐந்து பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். சாரின் மனைவி வசந்தாம்மா, முட்டி வலி, என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "எனுக்கு ஆனைன்னாலே பயம்மா. நீ கைய புட்சிக்கினா வரேன். நீ நில்லுன்னா நிப்பேன், ஓடுன்னா ஓடுவேன்."

தலையாட்டினேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

யானை எதிரே வந்தால் அந்த அம்மா என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் எதைப் பார்ப்பேன்? சொன்னால் பயணம் போச்சு, வேலையும் போகலாம். சொல்லாமல் போனால் அந்தக் கை.

ஜூன் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஆபீஸ் போகும் வழியில் மேனாம்பேட்டில் அவர் வீட்டுக்கே போய்.

"சார், நான் அங்க போனதே இல்ல."

"இன்னாமா சொல்ற? அப்போ போட்டோ?"

"ஒட்டினது."

வசந்தாம்மா காபி டம்ளரைக் கொடுக்க வந்தவர், அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். சார் தரையைப் பார்த்துக்கொண்டே, "மொத வாட்டி போற கன்னிசாமிய நம்பியா இத்தினி பேரும் கெளம்புனோம்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 12, வியாழன்

ஏசி சரியாச்சு.

தனசேகர் சார் வந்தார். முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "நாங்க போறோம்பா. அங்க கீற துப்பாக்கிக்காரர்தான் குருசாமி." பிறகு என்னிடம், "நான் மொதல்ல போய்ட்டு வந்துடறேன். அடுத்த வாட்டி நான் குருசாமி, நீ கன்னிசாமி. இட்டுனு போறேன்."

ஐந்து டிக்கெட் மட்டும். நல்ல மனுஷர்தான். ஆனாலும் பாத்ரூமில் போய் அழுதேன். அடுத்த வாட்டி என்றால் எப்போது? அறுபதிலா?

போட்டோ அங்கேயேதான் இருக்கிறது. "வேற யார்கிட்டயும் உளறாதீங்க மேடம்" என்றார் முதலாளி. சாயங்காலம் பூந்தமல்லியிலிருந்து ஒருவர் போனில் கேட்டார், போயிருக்கீங்களா என்று. போயிருக்கேன் சார் என்றேன். என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் நல்ல மழை. பால் பாக்கெட் ஒன்று ஓட்டை.

ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டிலிருந்து தனசேகர் சார் போன். "ஏம்மா, பிளேன் மேல ஏறச்சொல்ல காது அடைக்குமாமே? வசந்தா பயந்துகினு கீறா. அதுக்கு இன்னா பண்றது?"

"தெரியாது சார். நான் பிளேன்லயே ஏறினதில்ல."

"சரிம்மா. எறங்குனதும் நான் உனுக்குச் சொல்றேன்."