அழைப்பு நிலுவையில்

பிப்ரவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

நலமா? நீங்கள் கடிதம் எழுதி நாளாகிவிட்டது. கோபமில்லை, கவலைதான்.

சனிக்கிழமை நூலகத்து மாடி அறையில் எனக்கு வகுப்பு. இணையத்தில் நாட்குறிப்புபோல் எழுதும் பிளாக் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு அதைத் தொடங்கச் சொல்லித்தர வேண்டும். கல்லூரி முடித்தபின் நாலு பேர் முன்னால் நின்றதில்லை. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன்.

"இந்தப் பட்டனை அமுக்கினா ஊரே படிச்சிடுமாடீ? நாத்தனாரைப் பத்தி எழுதலாம்னு இருந்தேனே!"

"நாம கூப்பிடறவங்க மட்டும் படிக்கிற மாதிரியும் வைக்கலாம்க்கா. எங்க குட்டியைப் பத்தி நான் எழுதற பிளாக் அப்படித்தான். அவங்கப்பா ஒருத்தருக்குத்தான் அழைப்பு."

குட்டியை டாக்டரிடம் காட்டினேன். அவர் சொன்னதைப் போனில் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன், வரவில்லை. எல்லாவற்றையும் நேற்று பிளாகில் எழுதிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டு எழுதுங்கள். இதை நான் ஒருத்தியே சுமக்க முடியாது.

உங்கள்
அம்மு

பிப்ரவரி 12

அன்பு அம்முவுக்கு,

பிளாகைப் படித்தேன். வழக்கம்போல் அருமை. படத்தில் குட்டி சமத்தாக இருக்கிறான். டாக்டர்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்; மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இங்கே வேலை என்னைப் பிழிந்தெடுக்கிறது. நாளை இரவு கூப்பிடுகிறேன். குட்டியின் காதில் போனை வை. அப்பா பாடித் தூங்கவைக்கிறேன்.

வகுப்பில் பயப்படாதே. என் பெண்டாட்டி கெட்டிக்காரி.

உன்னவன்

பிப்ரவரி 14

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நீங்கள் படித்தும் நம்ப மறுக்கிறீர்கள் என்று நினைத்தேன். நானும் நம்பவில்லையே, அவன் முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தவள்தானே. பாவம், அவருக்கும் மனசு ஆறட்டும் என்று உங்களுக்காக நானே வக்காலத்து வாங்கினேன்.

நேற்று நீங்கள் பாடியபோது போனை அவன் காதில்தான் வைத்தேன். அவன் அதை இழுத்து நக்கிக்கொண்டிருந்தான். "கேக்குறானா?" என்றீர்கள். "ம்" என்றேன். நன்றாகப் பாடினீர்கள். நான் மட்டும் கேட்டேன்.

இன்று வகுப்புக்காக பிளாகின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தேன். படிக்க அனுமதி உள்ளவர்கள் என்ற பக்கத்தில் உங்கள் முகவரி. பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில், 'அழைப்பு நிலுவையில்'. அழைப்பை ஒருமுறை திறந்திருந்தால் அந்த வரி மறைந்திருக்கும். குட்டி வயிற்றில் இருந்தபோது அனுப்பியது. அவன் குப்புற விழுந்ததற்கும் முதல் பல் முளைத்ததற்கும் "படித்தேன், அருமை" என்றீர்களே, எதைப் படித்தீர்கள்?

இந்தப் பதிவில் படமே போடவில்லை.

ஆகவே இங்கேயே சொல்கிறேன். நம் குட்டிக்கு இரண்டு காதும் கேட்காது.

அம்மு

பிப்ரவரி 15

அம்மு,

போனை எடு. நீ எழுதியதைப் படித்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்த அழைப்பு மெயில் எங்கேயோ புதைந்துபோனது. தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம். ஒருமுறை படித்தேன் என்றேன், பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கடிதங்களிலிருந்து ஊகித்துக்கொள்வேன். நான் கெட்டவன் இல்லை அம்மு. இன்னொரு அழைப்பு அனுப்பு. உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கிறேன்.

உன்னவன்

பிப்ரவரி 20

குட்டியின் அப்பாவுக்கு,

வகுப்பு முடிந்தது. தையல்கார அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் தடுமாறின இடத்திலெல்லாம் தலையாட்டித் தைரியம் தந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கை தூக்கினார்: "எல்லாம் சரிம்மா, நாம எழுதினா யாராவது படிப்பாங்களா?"

"அதுக்கு மட்டும் பட்டன் இல்லீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து குட்டியின் பிளாகை எல்லாருக்கும் திறந்துவிட்டு, வகுப்புக்கு வந்தவர்களுக்கு அதன் முகவரியை அனுப்பினேன். அந்த நர்ஸ் முதல் பதிவிலிருந்து படித்திருக்கிறார். பல் முளைத்த பதிவுக்குக்கூட இரண்டு வரி எழுதியிருக்கிறார். அவர் பேத்திக்கும் காது கேட்காதாம். திங்கட்கிழமை எங்களை ஒரு பள்ளிக்குக் கூட்டிப்போகிறார்.

இன்னொரு அழைப்பு கேட்டிருந்தீர்கள். இனி அதற்கு அழைப்பு தேவையில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நீங்களும் படிக்கலாம்.

குட்டியின் அம்மா