முதலில் நிற்கும் பெயர்

குன்னூர்
4.3.1979

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் ஐயாவும் நலம். நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் வந்ததா, இல்லையா? இரண்டு கடிதத்தில் கேட்டாயிற்று.

இந்த வாரமும் மண்டபம் முகாமிலிருந்து சிலோன்காரர்களை ஏற்றிக்கொண்டு பஸ் வந்தது. எங்கள் அட்டன் பக்கத்து முகம் ஏதாவது இறங்குகிறதா என்று ஐயா போய் நின்றுவிட்டு வந்தார். நாங்கள் அங்கிருந்து வந்து எட்டு வருஷமாகியும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

சொல்ல வந்தது வேறு. கிளென்மார்கன் எஸ்டேட்டில் கொப்புள நோய் பரவாத தேயிலைச் செடி ஒன்று உண்டு என்று எழுதியிருந்தேனே, அதன் காரணம் தெரிந்துவிட்டது. நோய்ப் பூஞ்சை இலைக்குள் நுழைந்ததும் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே செத்துவிடுகின்றன. தின்ன உயிருள்ள செல் கிடைக்காமல் பூஞ்சை பட்டினியில் முடிகிறது. மூன்று மழைக்காலம் பார்த்து உறுதி செய்துவிட்டேன். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஐவிதான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க இலைகளை மெல்லிய சீவலாக வெட்டித் தந்தாள். கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

உங்கள்
மருதா

லீட்ஸ்
26.3.1979

அன்புள்ள மருதாவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் ஒன்பது கட்டுரைகளிலும் இதுபோல் ஒன்று இல்லை. குறை எதுவும் தெரியவில்லை. ஒரு யோசனை மட்டும். குன்னூர் மருதாயி என்று போனால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் உறையைப் பிரிக்கமாட்டார். வழக்கம்போல என் பெயர் முதலில் இருக்கட்டும், உன் பெயர் அடுத்து.

செப்டம்பரில் என் வேலையை நீட்டிக்க வேண்டும். எத்தனை கட்டுரை, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்றுதான் இங்கே பார்க்கிறார்கள். இங்கு வந்த பிறகு நான் ஒன்றுகூட வெளியிடவில்லை. வேலை நிலைத்தால்தான் உன்னையும் மாமாவையும் அழைத்துக்கொள்ள முடியும். அடுத்த கட்டுரையில் நீ முதலில். சில செல்கள் விட்டுக்கொடுப்பதால்தான் இலை பிழைக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய் அல்லவா.

என்றும் உன்
ஜஸ்டஸ்

குன்னூர்
15.4.1979

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு ஐவியும் நானும் கோயம்புத்தூர் போனோம். அங்கே நூலகத்தில் மேற்கோள் அட்டவணை வைத்திருக்கிறார்கள். யாருடைய கட்டுரையை உலகத்தில் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று எறும்பு எழுத்தில் அச்சிட்ட தடித் தடிப் புத்தகங்கள். உங்கள் பெயரின் கீழே வரிவரியாகப் போய்க்கொண்டே இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

"ஏனுங்க அக்கா, உங்க பேரைக் காணமே?" என்றாள் ஐவி.

"இதுல முதல் பேரை மட்டுந்தான் போடுவாங்க. நான் ரெண்டாவது."

"ரேசன் கடை வரிசையில ரெண்டாவது ஆளுக்கும் சக்கரை கெடைக்குதுங்க. இங்க அதுகூட இல்லீங்களா?"

சிரித்துவிட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலை ஏறும்போதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

அட்டனில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, பறித்தவள் பெயரைக் கூப்பிட்டுத்தான் எடை எழுதுவார்கள். கணக்கப்பிள்ளை ஒரு றாத்தல் குறைத்துப் போடுவார். பெயரை மாற்றிப் போட்டதில்லை.

அடுத்தது என்னுடையது என்று நான்காவது கட்டுரையிலேயே சொன்னீர்கள். அந்த ஒன்பதும் உங்களை லீட்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்ததில் எனக்கு வருத்தமில்லை. இது என் பெயரில் போகும். செத்த செல்களை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். இலை பிழைக்கும்தான். அவை எழுந்திருப்பதில்லை.

உங்கள்
மருதா

லீட்ஸ்
7.5.1979

மருதாவுக்கு,

மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க உனக்குக் கற்றுத் தந்தது யார் என்று அந்தப் புத்தகத்தில் போடவில்லையா?

தனியாகத்தான் அனுப்புவாய் என்றால் அனுப்பு. நீ இங்கே வருவது பற்றி இனி நான் எழுத ஒன்றும் இல்லை. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ஜஸ்டஸ்

குன்னூர்
20.2.1980

அன்புள்ள ஜஸ்டஸ் அவர்களுக்கு,

ஐயா நலம். நீங்கள் கேட்டதாக அப்போதே சொன்னேன்.

கட்டுரை போன மாதம் வெளிவந்தது. ஆசிரியர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். இரண்டு முறையும் திருத்தி அனுப்பினேன். மண்டபம் முகாமில் பதிந்தபடியே ஐயாவின் தலைப்பெழுத்தை முன்னால் வைத்து என் பெயர், அடுத்து ஐவியின் பெயர். நன்றி சொல்லும் இடத்தில் படம் எடுக்கக் கற்றுத் தந்தவர் என்று உங்களைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

கட்டுரையின் பிரதி கேட்டு வெளிநாடுகளிலிருந்து அச்சடித்த அட்டைகள் வருகின்றன. "இதெல்லாம் ஜஸ்டஸ் அய்யா பேருக்குத்தானுங்களே வரும்?" என்று தபால்காரர் கந்தன் கேட்டார். "இனி எம் பேருக்கும் வரும்" என்றேன். உங்கள் பெயருக்கு வந்தவற்றுக்கும் உறை ஒட்டியது நான்தான் என்பதால், வேலை கை பழகியதாகவே இருக்கிறது.

நேற்று வந்தவற்றில் ஒன்று லீட்ஸிலிருந்து. பெயர் எழுத விட்ட இடத்தில் என் பெயர், உங்கள் கையெழுத்தில். அதற்கு முன் அச்சிலேயே 'டாக்டர்' என்று இருக்கிறது. நான் எம்.எஸ்ஸி.தான் என்று தெரிந்தும் நீங்கள் அதை அடிக்கவில்லை. கீழே வேறு ஒரு வரியும் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

அட்டையில் அதே துறையின் முகவரி இருப்பதால் வேலை நிலைத்தது என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷம்.

கேட்ட எல்லோருக்கும் போல உங்களுக்கும் ஒரு பிரதி இத்துடன். ஸ்வெட்டர் கையை மடித்தே போட்டுக்கொள்ளுங்கள். பிரித்துப் பின்னித் தர எனக்கு நேரம் இருக்காது. அடுத்த கட்டுரைக்கு வேலை தொடங்கிவிட்டோம். அதில் ஐவி முதலில். அடுத்தது என்றால் அடுத்ததுதான்.

இப்படிக்கு,
ப. மருதாயி