நீங்கள் பொறுத்துக்கொள்ளவில்லை, அண்ணி

அண்ணிக்கு,

இன்று காலை அண்ணன் கடையிலிருந்து கார்பாலிக் சோப்பு வாங்கி வந்தார். மாட்டின் காலில் புண், கழுவ வேண்டுமாம். காகிதத்தைப் பிரித்ததும் வாடை சமையல்கட்டு வரை வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாட்டுவண்டியை விட்டு இறங்கிய அன்று உங்கள் மேல் அடித்த வாடை அது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். சோப்போடு தொழுவத்துக்குப் போய்விட்டார். உங்களைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினால் அவருக்கு அழுகை வரும், எனக்குக் கோபம் வரும். கோபப்பட இந்தத் தாள் போதும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நான் பிறந்த ஊரான லாங் மவுண்டனுக்குத் திரும்பி வந்தபோது, இந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள்தான் மூட்டையை வாங்கிக்கொண்டு, "உள்ள வா புள்ள, சோறு ஆறுது" என்றீர்கள். அன்றிலிருந்து கரும்புத் தோட்டத்தில் களை எடுப்பதும், ஆற்றில் துணி துவைப்பதும், அண்ணனையும் என்னையும் வளர்த்த அத்தையிடம் திட்டு வாங்குவதும் நாம் இருவரும் சேர்ந்தேதான்.

மார்பில் கட்டி இருப்பது தெரிந்ததும் அன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிட்டீர்கள். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பள சமாச்சாரத்த ஆம்பள டாக்டர்கிட்டக் காட்டுறதா? பத்துப் போட்டா கரைஞ்சிடும்" என்றாள். நீங்கள் பத்தும் போட்டுப் பார்த்தீர்கள். கரையவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுத்து, இடது மார்பையும் அக்குளில் இருந்த சதையையும் எடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் அண்ணனிடம், "கெட்டதெல்லாம் எடுத்தாச்சு. உன் பெண்சாதி அதிர்ஷ்டக்காரி" என்றாராம். அந்தக் கையை எப்படி வைக்க வேண்டும், வீங்கினால் என்ன செய்ய வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. குதிரைக்கு லாடம் அடித்தவன்கூட அதை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லித்தானே அனுப்புவான்?

உங்களைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்களெல்லாம் நீங்கள் அதிர்ஷ்டக்காரி என்றார்கள். "உயிர் தப்பிச்சியே, அது போதும்" என்று சொல்லிவிட்டு, நாம் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். வலிக்கிறதா என்று ஒருத்தி கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம் போலும்.

வலித்தது. தையல் போட்ட இடம் எரிந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு கோழிமுட்டை அளவுக்கு நீர் கட்டி, கையை உடம்போடு ஒட்டி வைக்கவும் முடியாமல் விலக்கி வைக்கவும் முடியாமல் தவித்தீர்கள். அதைவிட விசித்திரம் ஒன்று. எடுத்துவிட்ட இடமே அரிக்கிறது என்றீர்கள். "இல்லாத எடம் எப்படி அண்ணி அரிக்கும்?" என்று கேட்டேன். "அரிக்குதுடி! நீ சொறிஞ்சு பாரேன்" என்றீர்கள். கட்டுத்துணிக்கு மேலே, வெறும் காற்றில், நீங்கள் காட்டிய இடத்தில் சொறிந்தேன். "இன்னும் கொஞ்சம் கீழே... ம், அங்கதான்." இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்தால் தையல் இழுக்கும் என்று ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தீர்கள். அத்தை எட்டிப் பார்த்து, "வலிக்குதுங்குறா, சிரிக்கிறா" என்று முணுமுணுத்தாள்.

அப்புறம் கை வீங்கியது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்தன. கல்யாணத்தில் போட்ட வெள்ளிக் காப்பைச் சுற்றித் தோல் நீலம் பாரித்தது. உடைத்துவிடச் சொல்லிக் கெஞ்சினீர்கள், நான் எழுந்தேன். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப வளையல உடைக்கிறதா? அதுவும் நீயா உடைக்கப் போற?"

என் வளையல்களை உடைத்தது அவள்தான். அன்று நான் வேண்டாம் வேண்டாம் என்று கதறியும் கையைப் பிடித்து உடைத்தாள். இப்போது வேண்டும் என்று ஒருத்தி கெஞ்சினால் கூடாதாம். கேட்பவள் கை என்ன ஆனாலும் சரி, வளையல் உடைவதும் இருப்பதும் ஊருக்குத்தான் சொந்தமா? அத்தை கெட்டவள் அல்ல. தினமும் முருங்கைக்கீரை ரசம் வைத்து ஊட்டியவளும் அவள்தான். தூக்கி வளர்த்த அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று உண்மையாகவே நடுங்கினாள். தெரியும். தெரிந்தும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் அவளிடம் வாதாடவில்லை. நல்ல கையால் அம்மிக் குழவியை எடுத்தீர்கள். வீங்கிய கையை அம்மிமேல் வைத்து ஒரே தட்டு. ஒன்று உடைந்தது. வலியில் கத்தினீர்கள், மறுபடி தட்டினீர்கள். "அவர் ஆயுசு கண்ணாடியில இல்ல அத்தை! என் கை செத்துக்கிட்டு இருக்கு!"

சத்தம் கேட்டு அண்ணன் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். இரத்தத்தையும் கண்ணாடித் துண்டுகளையும் பார்த்தார். அவர் என்ன செய்வாரோ என்று பயந்தேன். அவரோ கரும்புக் கத்தி தீட்டும் அரத்தை எடுத்து வந்து, உங்கள் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, காப்பை ராவ ஆரம்பித்தார். தோலில் படாமல் இருக்க ஒரு துணியைச் செருகிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். காப்பு விட்டபோது அண்ணன் கேட்டார்: "வலிக்குதா?" அத்தனை நாளில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார். நீங்கள் அப்போதுதான் அழுதீர்கள்.

மறுநாளே மூவரும் பட்டணம் போனோம். வண்டி ஒவ்வொரு கல்லில் ஏறி இறங்கும்போதும் என் தோளைக் கடித்தீர்கள். டாக்டர் நாற்காலியிலிருந்து எழாமலே பார்த்தார். அறுத்த இடம் நன்றாக ஆறுகிறது, வலியெல்லாம் மனத்தில்தான், இந்தியப் பெண்கள் எப்போதும் இப்படித்தான் என்றார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லக்கூடத் தெரியவில்லையே என்றும் சொன்னார்.

அண்ணன் தலைகுனிந்து எழுந்துவிட்டார். நீங்கள் எழவில்லை. இந்தத் தீவில் எல்லோருக்கும் புரியும் கிரியோலில் சொன்னீர்கள், அந்தக் கூடமே கேட்கும்படி: "மிசியே, மெர்சி சொல்ல நான் வரல. வலிக்குதுன்னு சொல்ல வந்தேன். பார்த்துட்டு அனுப்புங்க."

வெளியே பெஞ்சியில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முகம் சிவந்தது. ஆனாலும் எழுந்து வந்து அக்குளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கீறிவிட்டார். கிண்ணம் நிறைய நீரும் சீழும் வந்தது. மனத்திலிருந்துதான் வந்தது போலும்! மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அண்ணன் வாசல் தாண்டும்போது பழக்கதோஷத்தில் "மெர்சி, மிசியே" என்றார். நீங்கள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

புண் ஆறியது. கை மட்டும் மேலே எழவில்லை. அசைக்காதே, தையல் விட்டுவிடும் என்று ஊரில் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். நீங்கள் கதவுநிலையில் விரல்களை வைத்து, நண்டு ஏறுவதுபோல் ஏற்றினீர்கள். எட்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு. அடுத்த நாள் அதற்கு ஒரு விரற்கடை மேலே. ஏற ஏற வசவு. தமிழில் திட்டினால் சாமிக்குக் கேட்கும் என்று கிரியோலில் திட்டுவீர்கள். தலைக்கு மேல் கை போன அன்று நீங்களே தலை பின்னிக்கொண்டீர்கள். பின்னல் கோணலாக இருந்தது. என்னைத் தொடவிடவில்லை.

வீக்கம் முழுதாகப் போகவில்லை. துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உட்காரும்போது தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, சில அறுவடைகள் கடந்தன. நல்ல வருஷங்கள்தான். கடைசி அறுவடையில், மில்காரர்கள் கரும்பு கொண்டுவரச் சொன்ன நாளுக்கு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. நீங்களாகத்தான் வந்தீர்கள். அண்ணன் வேண்டாம் என்றார். "ரெண்டு கையும் இருக்கே" என்றீர்கள். கரும்புத் தோகை அந்தக் கையில் ஒரு கீறல் போட்டது. நம் கைகளில் தினமும் படுகிற கீறல். துடைத்துவிட்டு வேலை செய்தீர்கள். மறுநாள் தோள்வரை செக்கச்செவேல் என்று ஆகி, காய்ச்சல் கொதித்தது. வண்டி கட்டிப் போனோம். அதே டாக்டர். கையைப் பார்த்ததும் எங்களைத் திட்டினார்:

"இந்தக் கையில் காயமே படக்கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி, யார் சொன்னார்கள் நமக்கு? இத்தனை வருஷத்தில் எவர் வாய் திறந்தது? அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. சொன்னால் புரிந்துகொள்ள மாட்டோம் என்று நினைத்தாரா, இல்லை, சொல்லும் அளவுக்கு நாம் ஆட்களே இல்லையா? நான் அதைக் கேட்டேன். என் கிரியோல் தடுமாறியது. அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நீங்கள் திரும்பி வரவில்லை.

கருமாதி அன்று வந்தவர்களெல்லாம் உங்கள் பொறுமையைப் பேசினார்கள். "என்ன வேதனை பட்டா, வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்ல. பூமாதேவி" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அண்ணி பொறுத்துக்கல. கத்துனாங்க. உங்களுக்குத்தான் காது கேக்கல" என்றேன். தாலியில்லாதவள் சபையில் பேசினாள் என்று முகம் சுளித்தார்கள். அத்தை தலைகுனிந்துகொண்டே, "அவ சொல்றது நெசம்தான்" என்றாள். அதற்குமேல் யாரும் பூமாதேவி பேச்சை எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் நம் தெருப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். உங்கள் குரல் எனக்கு இல்லை, அண்ணி. டாக்டர் முன்னால் நின்றால் என் கிரியோல் இன்னும் தடுமாறுகிறது. தடுமாறிக்கொண்டே கேட்கிறேன்: "இவளுக்கு வலிக்கிறது. வீட்டுக்குப் போனபிறகு எதற்குப் பயப்பட வேண்டும்? சொல்லுங்கள்." சொல்லும்வரை இடத்தை விட்டு அசைவதில்லை. சிலர் எரிச்சலோடு சொல்கிறார்கள். எரிச்சலோடு சொன்னாலும் சொல்கிறார்கள் அல்லவா, அதைக் கேட்டுக்கொண்டு வருகிறோம்.

கோபம் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் எனக்கு இல்லை.

உங்கள் நாத்தனார்