கறுப்பு ஷூ, காலை அமர்வு

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, புது ஷூ தேடுவது அழகுக்காக மட்டும் இல்லை. அழகுக்காகவும்தான் என்று சேர்த்துக்கொண்டால் பொய் குறையும்.

விதி இதுதான்: வழக்கறிஞர் கறுப்பு ஷூ போட வேண்டும். மூடியதாக இருக்க வேண்டும். கறுப்புத் துணி ஷூ ஒன்றை வைத்து இத்தனை நாள் சமாளித்துவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் தோல் மாதிரி இருக்கும். இன்று சீனியர் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார்.

"இது கோர்ட்டா, கிரவுண்டா?"

அதே மூச்சில் அடுத்தது: "அந்த பஸ் டிரைவர் அப்பீல் இருக்கில்ல, நீயே ஆர்கியூ பண்ணிடு. இருபத்துநாலாம் தேதி. காலை அமர்வு."

வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓட்டுநர். மனுவின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. என் வாயால் ஒரு வழக்கு என்று ஏங்கிக்கொண்டிருந்தவள்தானே? சட்டம் நினைவுக்கு வரவில்லை. கால்தான் வந்தது.

காலை அமர்வு. காலையில் என் விரல்கள் பல் துலக்கும் பிரஷைப் பிடிப்பதற்கே யோசிக்கும். பாதங்கள் வேறு யாருடையதோ. அதனால்தான் எப்போதும் மதியத்து வழக்குகளாகக் கேட்டு வாங்குகிறேன். சோம்பேறி என்று நினைத்திருப்பார். எனக்கு ருமட்டாய்டு மூட்டுவாதம் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அண்ணன், அண்ணி, டாக்டர். அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

இன்று முழுக்கக் குனிந்த தலை. வெட்கம் இல்லை, ஆராய்ச்சி.

கட்டடம் முழுக்க ஷூக்கள் நடக்கின்றன, மேலே ஆட்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீதிபதி முன் நிற்கும்போது சீனியர் ஒரு குதிகாலை மட்டும் ஷூவிலிருந்து மெல்ல வெளியே எடுத்து வைக்கிறார். பேச்சில் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. கால் மட்டும் தப்பிக்கிறது. அவருக்குமா?

சக ஜூனியரிடம் கேட்டேன். ஊரார் பேனாவையெல்லாம் சுருட்டுகிறவன், அதனால் அவனுக்குப் பேனா என்றே பெயர்.

"உன் ஷூ கடிக்குமா?"

"எல்லா ஷூவும் கடிக்கும். கொஞ்ச நாள்ல பழகிடும்."

என்னுடையது பழகாது. உள்ளங்காலின் முன்பகுதியில் யாரோ பொத்தான் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்துவிட்டாற்போல் இருக்கும். இடது காலின் இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் சாயத் தொடங்கியிருக்கிறது. அதற்கு இடம் வேண்டும். உயரமும் வேண்டும்.

மார்ச் 7, சனி

வாங்கிவிட்டேன்.

ஷூ என்றால் சாயங்காலம்தான் வாங்க வேண்டுமாம். இணையம் சொன்னது, அண்ணன் சொன்னான், கடைக்காரரும் சொன்னார்: "நாள் முழுக்க நடந்து கால் வீங்கியிருக்கும் மேடம். அப்ப போட்டுப் பாத்தாதான் சைஸ் சரியா வரும்." அதனால் விளக்கு வைத்த பிறகு அண்ணியோடு போனேன்.

தோல், கறுப்பு, கனமில்லாத அடி, பக்கவாட்டில் ஒரு மெல்லிய மடிப்பு. கடைக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தேன். வலி இருந்தது, ஆனால் ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

தரையோடு சாய்த்து வைத்திருந்த கடைக் கண்ணாடி முழங்காலோடு முடிந்துவிடுகிறது. அதில் எனக்கு முகம் இல்லை. நோயும் இல்லை. இரண்டு கறுப்புப் பாதங்கள். யாருடையதாகவும் இருக்கலாம்.

வெகுநேரம் பார்த்தேன் போலிருக்கிறது. "வக்கீலம்மா, கடையை மூடப்போறாங்க" என்றார் அண்ணி.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. இடது கால் உள்ளேயே போகவில்லை.

மார்ச் 9, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் போயிற்று. இன்று காலை போகவில்லை. இன்று சாயங்காலம் மறுபடியும் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஷூ வளரவில்லை. அப்படியென்றால்?

ஊரின் கால்கள் நடந்து நடந்து வீங்குகின்றன. என் கால்கள் தூங்கித் தூங்கி வீங்குகின்றன. பகலில் மெல்ல வடிகின்றன. எல்லோருக்கும் சரியாக இருக்கும் யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன் — எனக்கு மட்டும் அது தலைகீழ். மருந்துக்கு நேரம் பார்க்கிறவள் காலுக்குப் பார்க்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பழைய மனு வரைவுகளின் பின்பக்கத்தில் பாதங்களை வரைந்தோம். காலையில் நீலப் பென்சில், சாயங்காலம் அதே தாளில் சிவப்பு. காலையில் என் விரல்களுக்குப் பிடி இல்லாததால் அண்ணிதான் தரையில் உட்கார்ந்து வரைந்தார்.

"கூச்சமா இருக்கு அண்ணி."

"அசையாம நில்லு. அப்புறம் ஆறு விரலாயிடும்."

நீலக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே மெல்லிய பிறை ஒன்று. விரல்கள் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் தடிப்பு, குதிகாலில் ஒன்றுமே இல்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையையே இந்த வீக்கம் மடக்கி வைத்திருக்கிறது என்று நினைத்தேனே, அதன் அகலம் இவ்வளவுதானா?

பயமாக இல்லை. அதுதான் புதிது.

மார்ச் 14, சனி

கடை திறக்கும்போதே போய் நின்றோம். அலுவலகத்தில் யாரும் பார்க்காத நடை எனக்கு ஒன்று உண்டு, வாத்து நடை. கடைக்காரர் பார்த்தார். ஷட்டரை முழுவதும் ஏற்றக்கூட இல்லை.

"போன வாரம் வாங்கிட்டுப் போனீங்களே மேடம்?"

"அது சாயங்காலத்துக்கு. இது காலைக்கு" என்றார் அண்ணி. அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

பெண்கள் தட்டில் எல்லாமே முனையை நோக்கிக் குறுகுகின்றன. எந்த மனிதப் பாதமும் நடுவிலிருந்து கூர்மையாவதில்லையே. இது யாருடைய கற்பனை? வரிசையாக எடுத்து விரல் பகுதியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி எதிர்த் தட்டுக்குப் போய் ஒன்றை எடுத்துவந்தார். முன்பக்கம் அகலம், உயரம், கட்டுக்கோப்பான தையல்.

கடைக்காரர் சங்கடமாக நெளிந்தார். "மேடம், அது ஜென்ட்ஸ்."

"ஷூவுக்குத் தெரியுமா?" என்றார் அண்ணி.

அதிலேயே சிறிய அளவு. காலை நேரத்தில், நீலக் கோட்டுப் பாதத்தோடு, ஷூவுக்குள் போனேன். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படுத்துக்கொண்டன. லேஸ் கட்டத்தான் வராது. அதை உருவிவிட்டு எலாஸ்டிக் லேஸ் கோத்துத் தரச் சொன்னோம். குனியாமல் மாட்ட நீளக் கைப்பிடி வைத்த ஷூக் கரண்டியும் ஒன்று.

முழங்கால் வரையிலான கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். பேன்ட்டின் விளிம்பு ஷூவின் மேல் சரியாக விழுந்தது. நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் அண்ணி: "போன வாரத்து ஷூவை எங்கேயாவது சாயங்காலம் வெளிய போறப்ப போட்டுக்கோ."

"என்னை யார் கூப்பிடப் போறாங்க?"

"அதுக்கும் நானே கடைக்கு வரணுமா?"

மார்ச் 17, செவ்வாய்

பேனா என் காலைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். மறுபடி என் காலை.

"ஏய். இது என் ஷூ."

அதே கம்பெனி, அதே தையல். அளவு மட்டும் வேறு. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் புரையேறும்வரை சிரித்தான். நானும்.

நண்பகலுக்குள் உள்ளங்கால் பொத்தான் விழித்துக்கொண்டது. ஷூ அதை எடுத்துப்போடவில்லை, மேலும் அழுத்தவும் இல்லை. அவ்வளவுதான் அதனால் முடியும். அதற்கு மேல் என்ன எதிர்பார்த்தேன்? ஷூ போட்டால் நோய் மறைந்துவிடும் என்றா — இல்லை, நோயை மறைத்துவிடலாம் என்றா?

மார்ச் 18, புதன்

எல்லோரும் போனபின் அலுவலகத்தில் நின்றபடி வாதத்தைச் சொல்லிப் பார்த்தேன். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். ஓர் இடத்திலிருந்து குரல் ஓடத் தொடங்குகிறது. கடைசிப் பகுதியை நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டேன்.

ஓட்டுநரிடம் விளக்கமே கேட்காமல் நீக்கினார்கள் என்பதுதான் அந்தப் பகுதி. அவருடைய வழக்கே அதில்தான் நிற்கிறது.

ஏன் ஓடினேன்? உட்காருவதற்காக.

மார்ச் 19, வியாழன்

சீனியரிடம் சொல்லிவிட்டேன்.

"மேடம், எனக்கு ஆர்த்ரைடிஸ் இருக்கு. ருமட்டாய்டு."

"உனக்கா? அது வயசானவங்களுக்குத்தானே வரும்?"

"இது வேற மேடம்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அதான் காலையில ஒளிஞ்சுக்கிறியா?"

"ஆமா."

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா இந்த அப்பீலை எனக்குக் குடுத்திருப்பீங்களா?"

"தெரியல" என்றார். கொடுத்திருப்பேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இதை நம்பினேன்.

பிறகு: "உக்காந்து பேச அனுமதி கேக்கலாம். கேட்டா குடுப்பாங்க."

"எல்லார் முன்னாடியும் கேக்கணுமே."

"கேக்கத்தான் வேணும். நானா வந்து கேக்க முடியும்?"

மார்ச் 23, திங்கள்

ஷூவைத் துடைத்தேன். துடைக்கத் தேவையே இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

வெந்நீர், மாத்திரை, ஷூக் கரண்டி. இரண்டு காலும் உள்ளே போயின.

முதல் பகுதியை நின்றே பேசினேன். நீதிபதி நடுவில் கேட்ட கேள்விக்கும் நின்றே பதில் சொன்னேன். பிறகு என் குரல் ஓடத் தொடங்கியது. அது எனக்கே கேட்டது. பதிவில் கேட்ட அதே ஓட்டம்.

நிறுத்தினேன்.

"மூட்டு நோய் காரணமாக என்னால் நீண்ட நேரம் நிற்க முடியாது. மீதி வாதத்தை உட்கார்ந்து வைக்க அனுமதி வேண்டும்."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திரும்பிப் பார்த்தார். சீனியர் தன் வழக்குக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. அவசரமில்ல" என்றார் நீதிபதி.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என் ஷூக்கள் மேசைக்கு முன்னால் நீண்டுகொண்டன. யாரும் பார்க்கலாம். விளக்கம் கேட்கப்படாததைப் பற்றி ஒரு வரி விடாமல் பேசினேன். தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறார்கள். ஜெயிப்போமா, தெரியாது.

ஓட்டுநர் வெளியே காத்திருந்தார். நான் மெதுவாக வந்ததால் அவரும் மெதுவாக நடந்தார்.

"நல்லா பேசினீங்கம்மா."

"நின்னு முடிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"அதனால என்ன? நானும் இத்தனை வருஷம் உக்காந்துதான் வேலை பார்த்தேன்."

வீட்டுக்கு வந்து ஷூக்களுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஜன்னலோரம் வைத்தேன். பிறகு சீனியருக்குச் செய்தி அனுப்பினேன்: வியாழக்கிழமை காலை அமர்வு வழக்குக்கு ஆள் இல்லையென்றால் என் பெயரைப் போடுங்கள்.