யோர்க்ஷயரில் இல்லாத சூசை

ட்ருகனினா, மெல்பேர்ண்
யூன் 8

அன்பு மகள் ஜெனோஜாவுக்கு,

மடுமாதாவின் தயவால் அப்பா சுகமாய் இருக்கிறேன், நீயும் அம்மாவும் அப்படியே இருக்க அவவைத்தான் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைக்கச் சொன்னால் கேட்கமாட்டா, நீதான் பார்த்துப் போடவேண்டும். இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது, வெயர்ஹவுசில் ஜக்கெட்டோடுதான் பெட்டி தூக்குகிறேன். நான் போன் எடுத்தால் பிறகு கதைப்பம் அப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கோபம் வந்தாலும் முழுக்க வாசி.

நீ குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகக் கையெழுத்து வைத்துவிட்டாய் என்று அம்மா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பப்பா இங்கிலாந்தில் பிறந்தவர் என்று நிரூபித்தால் உனக்கு அங்கே வேலைசெய்ய விசா கிடைக்கும் என்று லோயர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் தொங்குவது உனக்கு விசராகத் தெரிகிறது. நீங்க என்னைத் தேடுறியளோ, அந்த வெள்ளைக்காரரைத் தேடுறியளோ என்று கேட்டாயே, நெஞ்சு வெடித்துவிட்டது. எனக்கு நினைவு தெரியுமுன் செத்த மனுசன், தலைமன்னாரில் ரயில்வேயில் இருந்தவர், யோர்க்ஷயர் ஆள், பெயர் சூசை ஹட்சன், இதற்கு மேல் எனக்கே ஒன்றும் தெரியாது. இங்கே பொயிண்ட் குக்கில் இருக்கிற அன்னமலர் அன்ரிதான் பாவம், சூசை என்றால் இங்கிலிசில் ஜோசப்தானே என்று யோர்க்ஷயர்ப் பக்கத்துப் பங்குக் கோயில்களுக்கெல்லாம் ஜோசப் ஹட்சன் என்று எழுதிக் கேட்டா. எல்லாரும் இல்லை என்றே எழுதினார்கள்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மன்னார்க் கோயில் தந்த அப்பப்பாவின் ஞானஸ்நானப் பத்திரத்தை ஃபாதரிடம் காட்டினேன். இது கலியாணத்துக்கு முதல் பெரிய ஆளுக்குக் குடுத்த ஞானஸ்நானம் எல்லே, அங்கிலிக்கனா இருந்து எங்கட வேதத்துக்கு வந்திருக்கிறார், சூசை எண்டது மன்னாரில வச்ச பேர் என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். மன்னாரில் வைத்த பெயரை இவ்வளவு காலமும் இங்கிலாந்தில் தேடியிருக்கிறோம். அன்ரி பழைய பதில்களைத் திரும்பத் திறந்து பார்த்தா. ஒரு கோயிலில் இருந்து, ஜோசப் இல்லை, ஈடித் ஹட்சனின் மகன் வில்பிரட் நீங்கள் கேட்ட அதே வருசத்தில் பிறந்தவனாய்ப் பதிவில் இருக்கிறான் என்று எழுதியிருந்தார்கள், நாங்கள் நன்றி சொல்லி மூடிவிட்டோம். அந்த வில்பிரட்தான் உன் அப்பப்பா என்று என் மனம் அடித்துச் சொல்கிறது, ஆனால் என் மனம் சொல்வதை விசா ஒவ்வீஸ் கேட்குமா.

மகளே, திங்கட்கிழமை மன்னார்க் கோயிலுக்குப் போ. இந்தச் சின்னப் பத்திரம் போதாது, பெரிய புத்தகத்தில் தாய் தகப்பன் பெயரோடு இருப்பதை அப்படியே எழுதித் தரச்சொல்லிக் கேள். தாயின் பெயர் ஈடித் என்றிருந்தால் எங்களுக்கு வழி திறக்கும். இல்லையென்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், உன்னை மறிக்கமாட்டேன். அதுவரை பாஸ்போட்டை ஏஜென்சிக்காரனிடம் கொடுக்காதே, கொடுத்திருந்தால் காலில் விழுந்தாவது திருப்பி வாங்கு. நான் ஒஸ்திரேலியாவுக்குப் படகில் ஏறியபோது நீ ஐந்தாம் ஆண்டு படித்தாய், இப்போது உன் உயரம்கூட எனக்குத் தெரியாது. இந்த விசாவில் நான் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள், ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். இங்கிலாந்தில் இருந்தால் லீவு எடுத்து என்னிடம் வருவாய், குவைத்து வீட்டுக்காரன் உன்னை விடுவானா. நான் செத்தாலும் அங்கே வர வழியில்லை பிள்ளை, நீதான் வந்து என்னைப் பார்க்கவேண்டும்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். கோயில் ஒவ்வீஸ் மத்தியானத்தோடு பூட்டிவிடும், காலையிலேயே போ, கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அப்பா
நொயல்