மடங்காத முழங்கால்

1935 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

கார் மோதியதிலிருந்து மடக்க முடியாத என் முழங்காலைச் சோதிக்க, இன்சூரன்ஸ் கொம்பனியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து ஐயா வந்தார். கதிரையில் காலை நீட்டியபடி நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மாதா கோயிலில் நடுப்பகல் செபத்துக்கு மணி அடித்தது. பழக்கதோஷம், தொப்பென்று முழங்காலிட்டுவிட்டேன்! வலியில் உயிர் போனது.

"மடியாது எண்டீரே, இப்ப மடிஞ்சிட்டுதே?" என்றார் அவர்.

"மடங்கினது சரிங்க. எந்திரிக்கச் சொல்லிப் பாருங்க," என்றாள் என் மனைவி செசிலி.

என்னால் எழும்பவே முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைத் தூக்கிவிட்டவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"உமக்குக் கொம்பனி குடுக்கும். நான் ஆரிட்டக் கேக்கிறது?" என்றார், என் தைலத்தைத் தேய்த்தபடி.

சிரித்துச் சிரித்துச் செபம் பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தைப் படுத்துக்கொண்டே சொல்ல வேண்டும்.