மூன்று குளிர்காலம் வீட்டுக்குள் இருந்த செரி

என் அருமை அண்ணைக்கு,

அன்றைக்கு நான் உங்களிடம் சொல்லாமல் விட்டவை இரண்டு. ஒன்று, "அந்தச் செரியை வெளியிலேயே விடுங்கோ, அதுக்குக் குளிர் வேணும்." மற்றது, "எனக்கு ஹலிபக்ஸில வேலை கிடைச்சிருக்கு, நான் போகப் போறன்." ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பின்வளவிலிருந்து மூன்றாம் வருஷமாகச் சாடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பிள்ளை, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய்?"

"ஒண்டுமில்லை அண்ணை. படியைப் பாத்து வாங்கோ."

நீங்கள் படியைப் பார்த்து வந்தீர்கள். சாடியை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "இனி வைகாசி மட்டும் இவருக்குக் கவலையில்லை" என்றீர்கள். அந்த மரத்தை நீங்கள் எப்போதும் 'இவர்' என்றுதான் சொன்னீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் உங்களுக்கே சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்வது? இந்த வீட்டில் தமிழ் கேட்டு ஒன்றரை வருஷமாகிறது. சோறு வைக்கும்போது இன்னும் அரிசியைக் கூடப் போட்டுவிடுகிறேன். உங்களுடைய இரண்டு தொப்பிகளும் கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன, ஒன்றன்மேல் ஒன்றாக, நீங்கள் போடுகிற ஒழுங்கிலேயே.

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் அதை வாங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். முழங்கால் உயரத் தடி ஒன்று, அதில் ஏழெட்டு இலை. விற்ற பெண் பிரெஞ்சில் சொன்னதை நான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன்: இது குட்டைச் செரி, ஆள் உயரத்துக்கு மேல் வளராது, துணைக்கு இன்னொரு மரம் வேண்டியதில்லை, மேற்குக் கனடாப் புல்வெளிகளில் உண்டாக்கிய இனம், எந்தக் குளிரையும் தாங்கும்.

"விக்கிறவள் வேற என்ன சொல்லுவாள்?" என்றீர்கள்.

"இல்லை அண்ணை, மைனஸ் நாப்பதையும் தாங்குமாம்."

"தாங்கும் எண்டா பிடிக்கும் எண்டு அர்த்தமே? நானும்தான் பதினஞ்சு வருஷமாத் தாங்கிறன். எனக்குப் பிடிக்குதே?"

அந்தப் பெண்ணுக்கு இதை மொழிபெயர்க்கச் சொன்னீர்கள். நான் மாட்டேன் என்றேன். மெற்றோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் வந்தபோது எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஒரு இருக்கை தள்ளிப் போய் இருந்தேன். அதையும் உங்களிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

நிலத்தில் வைக்க நீங்கள் விரும்பவில்லை. வீடு வாடகை வீடு, மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கார மதாமுடைய வளவு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் சொந்தமாக ஒரு வீடு வாங்கி, அங்கேதான் நடுவதாக இருந்தீர்கள். அதுவரைக்கும் சாடி. இலையுதிர்காலம் வந்தால் உள்ளே, வைகாசி வந்தால் வெளியே. மார்கழியில் தெருவெல்லாம் மொட்டையாக நிற்க, எங்கள் ஹீற்றரடியில் நாலு இலை பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வருகிற எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவீர்கள்.

உங்களோடு பேக்கரியில் வேலை செய்த யோகண்ணைதான் அதைக் கண்டாலே பகிடி பண்ணுவார். "என்ன மச்சான், உந்தத் தடிக்கு இன்னும் தொட்டில் கட்டேல்லையோ?"

"நீ பூக்கேக்க வா, அப்ப கதைப்பம்."

"பூக்கேக்கயோ? எனக்கு அதுக்குள்ள பேரப்பிள்ளை பிறந்திடும்."

இரண்டு வைகாசி வந்து போயின. ஒரு பூ இல்லை. தண்டுகள் வெளிறி, நீண்டு, வெளிச்சத்தைத் தேடி யன்னல் பக்கமாகச் சாய்ந்தன. "மண் சரியில்லையோ? தண்ணி கூடிப்போச்சோ?" என்று என்னைக் கேட்பீர்கள். வீட்டில் புத்தகம் படிக்கிறவள் நான்தானே.

புத்தகத்தில் அது இருந்தது, அண்ணை. நான் பகுதிநேரமாக வேலை செய்த நூலகத்தில், இரண்டாவது குளிர்காலத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும்போது கண்டேன். செரி குளிரில் உறங்க வேண்டும். ஆயிரம் மணித்தியாலத்துக்குக் கிட்டக் குளிர் அதன் உடம்பில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மொட்டு விழிக்காது. நின்ற நிலையில் வாசித்துவிட்டு, புத்தகத்தைத் தட்டில் வைத்தேன். வீட்டுக்கு எடுத்து வரவில்லை. கொண்டு வந்தால் நீங்கள் படம் பார்ப்பீர்கள், பிறகு கேட்பீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். உங்கள் மனம் நோகும் என்பது பாதி உண்மை. மற்றப் பாதி இதுதான். அம்மாவும் அப்பாவும் இல்லாமற்போன பிறகு, பதின்மூன்று வயதில் என்னை இங்கே கூப்பிட்டவர் நீங்கள். குளிர் என்றால் பஸ் தரிப்பு வரை கூட வருவீர்கள். இருபத்தாறு வயதிலும் வருவீர்கள். அந்த மரத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தால் என்னைப் பற்றியும் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். கிழக்கே தொலைவில், ஹலிபக்ஸ் நூலகம் வேலை தந்து எழுதிய கடிதம் அந்த ஒக்டோபரில் என் அகராதிக்குள் மடித்து இருந்தது. நத்தார்ப் பண்டிகை கழியட்டும், சொல்லலாம் என்று இருந்தேன்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பேக்கரியிலிருந்து போன் வந்தது. பிற்பகல். மா மூட்டை இறக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நீங்கள் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் கைரேகைகளில் மா வெள்ளையாக இருந்தது. நாற்பத்திரண்டு வயது.

ஹலிபக்ஸுக்கு இரண்டு வரியில் எழுதினேன், வர இயலாது என்று.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து ஆட்கள் போன பிறகு யோகண்ணை மட்டும் சாடிக்கு முன்னால் நின்றார். இலையெல்லாம் கொட்டியிருந்தது. "தங்கச்சி, இதைப் பாக்கப் பாக்க உனக்கு யோசனைதான் வரும். நான் கொண்டுபோய் எங்கயாவது விடட்டே?" என்று கேட்டார். "வேண்டாம் அண்ணை" என்றேன். அவர் தொட்டில் என்று ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வைகாசியில் மதாமிடம் மண்வெட்டி கேட்டேன். நிலத்தில் நடப்போகிறேன், இனி உள்ளே எடுக்க மாட்டேன் என்றேன். "ஒருவழியாக!" என்றார் அவர். பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உன் அண்ணனிடம் முதல் வருஷமே சொன்னேன். இதற்குக் குளிர் வேண்டும், வெளியே விடுங்கள் என்று. நெஞ்சில் கையை வைத்து 'மெர்சி, மதாம்' என்று நன்றி சொன்னார். சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்."

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன்.

அண்ணை, உங்களுக்குப் பிரெஞ்சு வராது என்று எல்லாரிடமும் சொல்வீர்கள். ஆனால் பதினேழு வருஷம் பேக்கரியில் அந்த மொழியில்தானே வேலை செய்தீர்கள்? குளிர் என்ற சொல் தெரியாமல் இந்த ஊரில் ஒருவர் இருக்க முடியுமா? விளங்காமல் தலையாட்டினீர்களா? விளங்கியும், பூவில்லாவிட்டால் போகட்டும், வீட்டுக்குள் ஒரு பச்சை இருக்கட்டும் என்று நினைத்தீர்களா? அப்படியென்றால், யாருக்காக? நான் வந்த முதல் குளிர்காலத்தில் மரங்களைக் காட்டி, "எல்லாம் செத்துப்போச்சோ அண்ணை?" என்று கேட்டு அழுதது உங்களுக்கு நினைவிருந்ததா?

இதற்கு இனி விடை கிடையாது. வேலிக்குப் பக்கத்தில் குழி வெட்டி நட்டேன்.

அந்தக் குளிர்காலம் பனி கொட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வழித்துக் குவித்த பனி யன்னலை மறைத்தது. மாசியில் ஒரு பின்னேரம் காற்றோடு குளிர் இறுகியபோது என்னால் இருக்க முடியவில்லை. உங்கள் கம்பளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். தொடை வரை புதைந்து அந்த நாலு தடிக்குக் கிட்டப் போகையில், மேலே யன்னலை யாரோ தட்டும் சத்தம். மதாம். சுட்டுவிரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைந்தது. என்ன சொல்லி ஏசினார் என்று கேட்கவில்லை. கம்பளியை நானே போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு உள்ளே வந்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு கிளை பனிப்பாரத்தில் முறிந்து கிடந்தது. சித்திரை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. செத்துவிட்டது, நான்தான் கொன்றேன் என்று முடிவு செய்தேன். வைகாசி நடுவில், வேலைக்குப் போக இறங்கும்போது, வேலியோரம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கரையாத பனி என்றுதான் முதலில் நினைத்தேன்.

யோகண்ணைக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கே வந்தார். குந்தியிருந்து பூக்களை எண்ணப் பார்த்தார், எண்ணிக்கை பிசகியது, மறுபடி தொடங்கினார். "கள்ளன். நான் கேலி பண்ணினதுக்கு எனக்குக் காட்டிப்போட்டுப் போறான்" என்றார். உங்களையா, மரத்தையா என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு செய்தி. ஹலிபக்ஸுக்கு மறுபடி விண்ணப்பித்தேன். இந்தத் தரம் வேறு வேலை, அதே நூலகம். வரச் சொல்லிவிட்டார்கள். ஊரே வீடு மாறுகிற ஜூலை முதலாம் திகதி நானும் பெட்டி கட்டினேன். உங்கள் உடுப்புகளை யோகண்ணை கொண்டுபோனார். தொப்பிகளை நான் வைத்துக்கொண்டேன். புதிதாகக் குடிவந்தவர்கள் இளம் புருஷனும் மனைவியும், கைக்குழந்தையும். காய் அப்போது பச்சை மாறிச் சிவக்கத் தொடங்கியிருந்தது. சிவப்பைக் கண்டு பழம் ஆயவேண்டாம், கறுப்புக்குக் கிட்ட வரும் வரை பொறுங்கள் என்றேன். குளிருக்கு உள்ளே எடுக்கிற எண்ணம் வேண்டாம், வெளியிலேயே நிற்கட்டும் என்றும் சொன்னேன். அந்நியரிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது.

மொன்றியலில் தொடங்கிய இந்தக் கடிதத்தை ஹலிபக்ஸில் முடிக்கிறேன். இங்கே கடற்காற்று. எனக்கு இங்கே யாரையும் தெரியாது. பஸ் தரிப்புக்குத் தனியாக நடக்கிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: ஞாயிற்றுக்கிழமைகளில் யோகண்ணைக்குப் போன் எடுப்பேன். நீங்கள் இல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கரியில் யாரோடும் கதைப்பதில்லையாம் அவர். அதை அவர் சொல்லவில்லை, மனைவி சொன்னார்.

ஜூலை கடைசியில் மதாம் போன் எடுத்தார். செரி கறுத்துப் பழுத்துவிட்டதாம். பெரும்பாலானதைக் குருவிகள் தின்றுவிட்டனவாம். மிஞ்சியது ஒரு கிண்ணம். கீழ்வீட்டுப் பெண்ணும் அவருமாகப் படியில் இருந்து தின்று முடித்தார்களாம். நீங்களும் நானும் அந்த மரத்தில் ஒரு பழம் தின்றதில்லை.

உங்கள் தங்கச்சி